ஒரு வாக்கும் பத்து லட்சம் முகங்களும்: 'சீக்ரெட் இன்வேஷன்' தொடரின் பின்னணி

1997. லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதி. வீடிழந்து பூமிக்கு வந்த இளம் ஸ்க்ரல்கள், அதாவது எந்த உருவத்தையும் எடுக்கக்கூடிய வேற்றுக்கிரகவாசிகள், ஓர் அறையில் கூடியிருக்கிறார்கள். எதிரே நிற்பவர் அமெரிக்க உளவு அதிகாரி நிக் ஃபியூரி. நீங்கள் எனக்காக உழையுங்கள், இந்த உலகைக் காக்க உதவுங்கள், உங்களுக்கென்று ஒரு கிரகத்தை நானும் கேப்டன் மார்வெல் எனப்படும் கேரல் டான்வர்ஸும் தேடித் தருகிறோம் என்கிறார். க்ரீ இனத்தாருடனான போரில் பெற்றோரைப் பறிகொடுத்த ஒரு சிறுவனும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறான். பெயர் கிராவிக். எல்லோரையும் போல அவனும் சம்மதம் சொல்கிறான்.

டிஸ்னி பிளஸ் தளத்தில் 2023 ஜூன் 21 முதல் ஜூலை 26 வரை வாரம் ஒன்றாக வந்த ஆறு பகுதிகளைக் கொண்ட 'சீக்ரெட் இன்வேஷன்' தொடரின் முழுக் கதையும் இந்த ஒரு காட்சியிலிருந்து பிறக்கிறது. மாஸ்கோவில் வெடிக்கும் குண்டு, அமெரிக்க அதிபர் மீதான தாக்குதல், மூன்றாம் உலகப் போரின் விளிம்பு எல்லாம் இதன் விளைவுகள். மார்வெல் இதை உருமாறும் வேற்றுக்கிரகவாசிகள் அரசுகளுக்குள் ஊடுருவும் கதையாக விளம்பரப்படுத்தியது. ஆனால் அடியில் ஓடுவது அகதிகளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றாத ஒரு மனிதரின் கதை. இந்த இரண்டு கதைகளும் ஒன்றையொன்று எதிர்த் திசையில் இழுப்பதால்தான் தொடர் தடுமாறியது என்று நினைக்கிறேன். இழுபறி எங்கே தொடங்கியது என்று பார்க்க, அறுபது ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

ஸ்க்ரல்களை ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 1962 ஜனவரி தேதியிட்ட 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' படக்கதையின் இரண்டாம் இதழில் அறிமுகப்படுத்தினார்கள். பச்சைத் தோல், கூர்மையான காது, வரிவரியான தாடை. அந்த முதல் கதையிலேயே அவர்களுடைய உத்தி தெளிவாக வந்துவிடுகிறது. நாயகர்களை அவர்கள் நேரடியாகத் தாக்குவதில்லை. நாயகர்களின் உருவத்தை எடுத்துக்கொண்டு குற்றம் செய்கிறார்கள். மக்களே தங்கள் காவலர்களை வெறுக்கும்படி செய்கிறார்கள். தோற்றுப்போன ஸ்க்ரல்களில் மூவரை, நாயகர்களின் தலைவர் ரீட் ரிச்சர்ட்ஸ் பசுக்களாக உருமாறச் செய்து, தாங்கள் யார் என்பதையே மறக்கும்படி வசியம் செய்துவிடுகிறார். குழந்தைகளுக்கான வேடிக்கையாக எழுதப்பட்ட முடிவு அது. ஆனால் ஓர் உயிரைத் தன் சொந்த உருவம் மறந்து வாழவிடுவது எவ்வளவு பெரிய தண்டனை என்பது, 2023 தொடரைப் பார்த்துவிட்டு அந்த இதழுக்குத் திரும்பினால் உறைக்கிறது.

அந்தக் கற்பனை வேர்விட்ட மண்ணையும் பார்க்க வேண்டும். 1950 பிப்ரவரி 9 அன்று மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி பேசினார். வெளியுறவுத் துறைக்குள் கம்யூனிஸ்டுகள் ஒளிந்திருக்கிறார்கள், பட்டியல் என் கையில் இருக்கிறது என்றார். அடுத்த சில ஆண்டுகளில் எத்தனையோ ஆசிரியர்களும் நடிகர்களும் அரசு ஊழியர்களும் வேலையை இழந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் யாரோ என்ற அச்சம் ஒரு தேசத்தின் மூச்சில் கலந்திருந்த காலம் அது. மனிதர்களைப் போலவே தோன்றும் அந்நியர்கள் அந்த நாட்டுத் திரைப்படங்களில் நிறைந்ததற்கு அந்த அச்சமும் ஒரு காரணம்.

மார்வெல் எழுத்தாளர்கள் அதை உணர்ந்தே இருந்தார்கள். 1971-72இல் ராய் தாமஸ் எழுதிய க்ரீ-ஸ்க்ரல் போர்க் கதையில், வேற்றுக்கிரகவாசிகளை வேட்டையாடும் விசாரணை ஆணையம் ஒன்று வருகிறது. மெக்கார்த்தி காலத்து விசாரணைகளின் நிழல் அதில் தெளிவாகத் தெரியும். வெறுப்பை மூட்டிவிடும் அந்த ஆணையத்தின் தலைவராக நடித்துக்கொண்டிருந்தவரே ஒரு ஸ்க்ரல் என்று கடைசியில் தெரியவருகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2023 தொடரில் அதிபர் ரிட்சனின் காதருகே நின்று தாக்குதலுக்குத் தூண்டும் கர்னல் ரோட்ஸும் ராவா என்ற ஸ்க்ரல்தான். ஐம்பது ஆண்டுகள் கழித்தும் அதே அமைப்பு.

தொடருக்குப் பெயர் தந்தது 2008ஆம் ஆண்டின் படக்கதை. பிரையன் மைக்கேல் பெண்டிஸ் எழுத, லெய்னில் யூ வரைந்த எட்டு இதழ்கள். அதில் ஸ்க்ரல்கள் பேரரசு ஒன்றின் எச்சம். தங்கள் தலைமைக் கிரகத்தை இழந்தவர்கள். பூமி தங்களுக்குக் கடவுள் வாக்களித்த நிலம் என்று நம்பி வருகிறார்கள். அவர்களுடைய ராணி வெராங்கே, ஸ்பைடர்-வுமன் என்ற நாயகியின் உருவில், அவெஞ்சர்கள் என்ற மாவீரர் குழுவின் நடுவிலேயே அமர்ந்திருக்கிறாள். மந்திரமோ மனதைப் படிக்கும் ஆற்றலோ அவர்களைக் கண்டுகொள்ள முடியாது. மத நம்பிக்கையின் பெயரால் ஒளிந்திருக்கும் எதிரி என்ற எண்ணம், 2001 செப்டம்பருக்குப் பிந்தைய அமெரிக்காவில் எங்கிருந்து வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. அந்தக் கதையில் இரக்கத்துக்கு அதிக இடம் கிடையாது. படையெடுத்தவன் எதிரி, அவ்வளவுதான்.

2019இல் 'கேப்டன் மார்வெல்' திரைப்படம் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. 1995இல் நடக்கும் அந்தக் கதையின் முதல் பாதி ஸ்க்ரல்களை வழக்கமான வில்லன்களாகக் காட்டுகிறது. பிறகு, பென் மெண்டல்சன் நடித்த டாலோஸ் தன் மனைவியையும் மகளையும் தேடி அலையும் அகதி என்று தெரியவருகிறது. கொடுமை செய்தவர்கள் க்ரீ. நம் கண்ணை நம்பி நாம் தவறான பக்கத்தில் நின்றிருந்தோம் என்று படம் உணர்த்தியது. பச்சை நிறம், கோரமான முகம், ஆகவே கெட்டவன் என்ற நம் பழக்கத்தை அந்தப் படம் நமக்கே காட்டிக்கொடுத்தது. மார்வெல் செய்த துணிச்சலான காரியங்களில் ஒன்றாக அதை இன்றும் மதிக்கிறேன்.

ஆனால் அதற்குப் பிறகு 2008ஆம் ஆண்டுக் கதையை அப்படியே எடுக்க வழியில்லை. அகதி என்று நம்மை நம்பவைத்தவர்களை எதிரியாகக் காட்டுவது எப்படி? தொடரை உருவாக்கிய கைல் பிராட்ஸ்ட்ரீட்டும் ஆறு பகுதிகளையும் இயக்கிய அலி செலிமும் கண்ட விடைதான் அந்த பிரிக்ஸ்டன் வாக்கு. ஆண்டுகள் ஓடின, கிரகம் கிடைக்கவில்லை. உயிர்களில் பாதியை அழித்த வில்லன் தானோஸ் விரல் சொடுக்கியதில் ஃபியூரி ஐந்து ஆண்டுகள் காணாமல் போனார். திரும்பி வந்தவர், விண்வெளி நிலையத்துக்குப் போய் ஒதுங்கிக்கொண்டார். அந்தச் சிறுவன் வளர்ந்து, ரஷ்யாவில் கைவிடப்பட்ட கதிர்வீச்சுப் பகுதி ஒன்றில் தன் மக்களுக்கு ஊர் அமைக்கிறான். ஸ்க்ரல்களைக் கதிர்வீச்சு தாக்காது. மனிதன் கெடுத்துவிட்டுப் போன இடம்தான் அவர்களுக்குக் கிடைத்த ஒரே நிலம். அந்த ஊருக்குப் புதிதாக வருபவனிடம் எதைத் தேடி வந்தாய் என்று கேட்கிறார்கள். ஒரு வீடு என்கிறான். எங்கே என்றால், என் சொந்தத் தோலில் என்கிறான். தொடரின் மிகச் சிறந்த உரையாடல் அதுதான். கிராவிக்கின் கொலைகளை நான் ஏற்கவில்லை. ஆனால் அவனுடைய கோபத்துக்கு முன்னால் எந்தப் பதிலும் என்னிடம் இல்லை. கிராவிக்காக நடித்த கிங்ஸ்லி பென்-அடிர் குரலை உயர்த்தாமலே அந்தக் கோபத்தைக் கொண்டுவந்தார்.

இரண்டாம் பகுதியில் ஓடும் ரயிலில் ஒரு நீண்ட உரையாடல் வருகிறது. சிறுவனாக இருந்தபோது அலபாமாவிலிருந்து டெட்ராய்ட்டுக்குத் தன் தாயுடன் ரயிலில் போனதை ஃபியூரி நினைவுகூர்கிறார். கறுப்பினத்தவருக்கென்று தனியாக ஒதுக்கப்பட்ட பெட்டி. அந்த நினைவு முடிந்த சிறிது நேரத்தில் டாலோஸ் ஓர் உண்மையைச் சொல்கிறார்: பூமியில் இப்போது பத்து லட்சம் ஸ்க்ரல்கள் இருக்கிறார்கள், உயிர்பிழைத்த எல்லோரையும் நான்தான் அழைத்தேன். தன் தாயோடு ஒதுக்கப்பட்ட பெட்டியில் பயணம் செய்த மனிதர், பத்து லட்சம் பேரை இந்தக் கிரகம் தாங்காது என்று சீறுகிறார். சாமுவேல் எல். ஜாக்சன் 2008 முதல் நடித்துவந்த பாத்திரத்தின் உள்ளே இப்படி ஒரு முரண் இருப்பதை அதற்கு முன் எந்தப் படமும் தொட்டதில்லை. இதையே மையமாக்கியிருந்தால் இந்தத் தொடர் மறக்க முடியாததாகியிருக்கும்.

உளவுக் கதை என்ற மறுபக்கத்துக்கு வருகிறேன். உருமாறியைப் பற்றிய கதைகளுக்கு ஒரு முதுகெலும்பு உண்டு. அசல் எது, போலி எது என்று அறிய ஒரு குறி வேண்டும். நம்முடைய தமயந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சுயம்வர மண்டபத்தில் நளனைப் போலவே தேவர்கள் அமர்ந்திருக்கிறார்கள். கண் இமைக்கிறதா, பாதம் தரையில் படிகிறதா, மாலை வாடுகிறதா என்று பார்த்து அவள் உண்மையான நளனைக் கண்டுகொள்கிறாள். 1938இல் ஜான் டபிள்யூ. கேம்பெல் எழுதிய அண்டார்டிகா குறுநாவலில் குறி இரத்தம்; சூடான கம்பி பட்டதும் வேற்றுயிரின் இரத்தம் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கும். 'கேப்டன் மார்வெல்' படத்திலும் அழகான குறி ஒன்று இருந்தது. தன் மேலதிகாரி 'நிக்கலஸ்' என்று கூப்பிட்டதும் ஃபியூரி எச்சரிக்கையாகிவிடுகிறார். தன்னை 'ஃபியூரி' என்று மட்டுமே எல்லோரும் அழைப்பார்கள் என்பதை அவர் முன்பே சொல்லியிருக்கிறார். நமக்கும் அது தெரியும். குறி நம் கையிலும் இருப்பதால்தான் அந்த நொடியில் நாமும் அவரோடு சேர்ந்து திடுக்கிடுகிறோம்.

2023 தொடரில் அப்படி ஒரு குறியும் இல்லை. கடத்தப்பட்ட மனிதரை உயிரோடு ஒரு கூட்டில் அடைத்துவைத்து, அவர் நினைவுகளை எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் கேள்வி கேட்டுப் பிடிக்கவும் முடியாது. இறந்தால் மட்டும் உடல் பச்சையாக மாறும். தொடக்கக் காட்சியில் எவரெட் ராஸ் என்ற உளவு அதிகாரி உயரத்திலிருந்து விழுந்து செத்த பிறகுதான் அவர் ஸ்க்ரல் என்று தெரிகிறது. இதன் பொருளை நினைத்துப் பார்த்தால் நடுங்குகிறது. கொன்றால்தான் தெரியும். சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள ஒரே வழி கொலை என்ற உலகம் அது. ஐரோப்பாவில் சூனியக்காரி என்று குற்றம் சாட்டப்பட்டவளைத் தண்ணீரில் போட்டுப் பார்த்த சோதனையைப் போல. இந்த விதியை முதல் காட்சியிலேயே வைத்துவிட்டு, அதன் முழுப் பயங்கரத்தைக் கடைசிச் சில நிமிடங்களுக்கு ஒத்திப்போட்டது பெரிய இழப்பு. நடுவில் யார் மீதும் நமக்குச் சந்தேகம் வளர்வதில்லை. ரோட்ஸ் யார் என்ற இரகசியம்கூட அவர் பேசும் விதத்திலிருந்தே சீக்கிரம் புரிந்துவிடுகிறது.

முகம் அதே, ஆள் வேறு என்ற அச்சத்துக்கு மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு: கப்கிராஸ் நோய்க்குறி. 1923இல் ஜோசப் கப்கிராஸ் என்ற பிரெஞ்சு மனநல மருத்துவர் தன் சக மருத்துவருடன் சேர்ந்து ஒரு பெண்ணின் நிலையைப் பதிவு செய்தார். தன் குடும்பத்தாரைப் போலவே தோன்றும் வேறு ஆட்கள் அவர்கள் இடத்தில் வந்துவிட்டதாக அந்தப் பெண் உறுதியாக நம்பினார். இதற்கு மூளைக்குள் விளக்கம் தேடியவர்களில் முக்கியமானவர் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன். அவரும் வில்லியம் ஹர்ஸ்டைனும் 1997இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், விபத்தில் தலையில் அடிபட்ட ஓர் இளைஞர் வருகிறார். பெற்றோரை நேரில் பார்த்தால் போலிகள் என்பார். தொலைபேசியில் பேசினால் அப்பா, அம்மா என்று ஏற்றுக்கொள்வார். முகத்தை அடையாளம் காணும் பகுதிக்கும் அந்த முகம் எழுப்ப வேண்டிய உணர்ச்சிக்கும் இடையிலான வழி அறுந்துவிட்டது என்பது அவர்களின் விளக்கம். கண் சொல்வதை நெஞ்சு உறுதிப்படுத்தவில்லை. ஆகவே மூளை, இவர் போலி என்ற கதையைக் கட்டிக்கொள்கிறது. நாம் ஒருவரை அடையாளம் காண்பது கண்ணால் மட்டும் இல்லை, பாசத்தாலும்தான் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

உளவு உலகமும் இதை அறியும். 2010 ஜூன் 27 அன்று அமெரிக்காவில் பத்து ரஷ்ய உளவாளிகள் கைதானார்கள். அவர்களில் பலர் பல ஆண்டுகளாக வீடு, வேலை, குழந்தைகள் என்று அங்கே சாதாரண வாழ்க்கை வாழ்ந்தவர்கள். அவர்களில் ஒருவர் பயன்படுத்தியது, கைக்குழந்தையாகவே இறந்துபோன ஒரு கனடியரின் பெயர். அடுத்த மாதம் வியன்னா விமான நிலையத்தில் கைதிகள் பரிமாற்றம் நடந்து, அவர்கள் ரஷ்யா போனார்கள். அவர்களில் சிலருக்குப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

அதைப் படித்திருப்பவருக்கு இந்தத் தொடரின் ப்ரிசில்லா வேறொரு கனத்தோடு தெரிவாள். ஃபியூரியின் மனைவி. உண்மையில் வாரா என்ற ஸ்க்ரல். அவள் அணிந்திருப்பது, இதய நோயால் இறந்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் முகம். அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு, அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்துப் பெற்ற முகம். தொடரில் வாங்கப்பட்ட எத்தனையோ முகங்களில் கேட்டு வாங்கப்பட்டது இது என்பதை நான் கவனித்தேன். அவளாக நடித்த சார்லெய்ன் வுடர்ட் ஒரு சமையலறை மேசையின் ஓரத்தில் அமர்ந்தே இந்தத் தொடரின் எல்லாச் சண்டைக் காட்சிகளையும் விஞ்சிவிடுகிறார். துப்பாக்கி மேசைமீது இருக்கிறது, இருவருக்கும் ஒருவர்மீது ஒருவருக்குச் சந்தேகம் இருக்கிறது, அன்பும் இருக்கிறது.

முகம் கேட்டு வாங்கப்பட்டதா என்ற இந்தக் கேள்வி தொடருக்கு வெளியிலும் வெடித்தது. தொடக்கப் பெயர்க் காட்சி செயற்கை நுண்ணறிவைக் கொண்டு உருவாக்கப்பட்டது என்று ஒளிபரப்பு தொடங்கிய வாரத்திலேயே தெரியவந்தது. பச்சைப் புகை போல ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுக்கும் உருவங்கள். உருமாறிகளின் கதைக்கு அது பொருத்தம் என்பது இயக்குநரின் வாதம். அதைச் செய்த மெத்தட் ஸ்டுடியோஸ், எந்தக் கலைஞரின் வேலையும் இதனால் பறிபோகவில்லை என்று விளக்கம் தந்தது. ஆனால் அப்போது ஹாலிவுட் எழுத்தாளர்கள் மே 2 முதல் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். நான்காம் பகுதிக்கும் ஐந்தாம் பகுதிக்கும் இடையில், ஜூலை 14 அன்று, நடிகர்களும் தெருவில் இறங்கினார்கள். அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று, தங்கள் முகத்தையும் உடலையும் கணினியில் நகலெடுத்துத் தங்கள் அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது என்பது. திருடப்பட்ட முகங்களின் கதை வீட்டுத் திரையில் ஓடிக்கொண்டிருந்தபோது, அந்த முகங்களுக்குச் சொந்தக்காரர்கள் வீதியில் பதாகை ஏந்தி நின்றார்கள். நகலுக்கு நடிகரின் ஒப்புதல் வேண்டும் என்ற விதி நவம்பரில் எட்டிய உடன்பாட்டில் இடம்பெற்றது. வாரா அந்த நோயாளிப் பெண்ணிடம் கேட்ட அதே ஒப்புதல்தான்.

'வீடு' என்று பெயரிடப்பட்ட இறுதிப் பகுதியைத்தான் எல்லோரும் கடுமையாகத் திட்டினார்கள். சுமார் 21 கோடி டாலர் செலவான தொடர் கடைசியில் இரண்டு மாவீரர்கள் கையை நீட்டி நெருப்பும் ஒளியும் வீசும் சண்டையில் முடிந்தது என்பது நியாயமான குறை. ஆனால் அந்தச் சண்டைக்கு முந்தைய காட்சியைப் பற்றிப் பலர் பேசவே இல்லை. கதிர்வீச்சால் தளர்ந்த ஃபியூரி, கிராவிக்கின் ஊருக்குள் தனியாக வருகிறார். தான் தோற்றதை ஒப்புக்கொள்கிறார். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியாமல் ஓடி ஒளிந்ததைச் சொல்கிறார். கிராவிக்கும் மனம் திறக்கிறான்: தான் அணிந்திருக்கும் இந்த மனித முகம், ஃபியூரிக்காகத் தான் கொன்ற முதல் மனிதனுடையது என்கிறான். இத்தனை ஆண்டுகளாக ஒரு கொலையின் சாட்சியைத் தன் முகமாகச் சுமந்திருக்கிறான். அதன் பிறகே நமக்குத் தெரிகிறது, வந்தவர் ஃபியூரி இல்லை. டாலோஸின் மகள் கையா. எமிலியா கிளார்க்கின் பாத்திரம். எதிரியை ஏமாற்றி அவெஞ்சர்களின் மரபணு ஆற்றலைத் தானும் பெறுவதற்காகப் போட்ட வேடம்.

அதாவது, முப்பது ஆண்டுகளாக அந்தச் சிறுவன் கேட்கக் காத்திருந்த மன்னிப்பு, வாக்குக் கொடுத்தவரின் வாயிலிருந்து வரவே இல்லை. அவருடைய முகத்தை அணிந்த ஓர் அகதிப் பெண்தான் அதைச் சொன்னாள். வாக்கால் ஏமாந்த இன்னொருத்தி. படைத்தவர்கள் இதை எண்ணித்தான் எழுதினார்களா என்று சொல்ல முடியாது. திரையில் அது ஒரு தந்திரத் திருப்பமாகவே கடந்துபோகிறது. எனக்கோ தொடரின் மொத்தத் துயரமும் அந்த நொடியில் இருக்கிறது. உண்மையான ஃபியூரி அப்போது ஒரு மருத்துவமனையில் அதிபரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். தன் வேலையை அவர் சரியாகத்தான் செய்தார். அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லவில்லை.

பிறகு அதிபர் ரிட்சன் தொலைக்காட்சியில் தோன்றி, பூமிக்கு வெளியே பிறந்த எல்லோரும் எதிரிகள் என்று அறிவிக்கிறார். தெருவில் துப்பாக்கிகள் எழுகின்றன. உருமாறிகள் என்று சந்தேகித்துச் சுடப்பட்டவர்களில் சிலர் பச்சையாக மாறவில்லை, மனிதர்களாகவே கிடக்கிறார்கள். ஃபியூரி அதிபரைத் தொலைபேசியில் கடிந்துகொள்கிறார். பிறகு தன் சொந்த உருவில் நிற்கும் மனைவியை முத்தமிட்டு, அவளோடு விண்கலம் ஏறிவிடுகிறார். இம்முறையும் வானத்துக்குத்தான் போகிறார்.

அந்த ஆண்டு நவம்பர் 10 அன்று வெளியான 'தி மார்வெல்ஸ்' திரைப்படத்தில் ஃபியூரி திரும்பவும் வந்தார். டார்னக்ஸ் என்ற கிரகத்தில் வாழ்ந்த ஸ்க்ரல் அகதிகள் அதில் காற்றையும் வாழிடத்தையும் இழக்கிறார்கள். கலத்தில் ஏற்றப்பட்டு மறுபடியும் அனுப்பப்படுகிறார்கள். பூமியில் வேட்டையாடப்பட்டுக்கொண்டிருந்த பத்து லட்சம் பேரைப் பற்றி அந்தப் படத்தில் ஒரு வரிப் பேச்சும் இல்லை.